நாலு பதினேழுக்கும் நாலு பதினெட்டுக்கும் நடுவே

காரைக்காலில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயந்திரம் நாலு பதினேழு ஆன பிறகு நாலு பதினெட்டு ஆகவில்லை. கடைகளில் மாட்டியிருந்த கடிகாரங்களில் முள் நின்றது, கைப்பேசிகளில் எண் நின்றது, சுவரில் விழுந்திருந்த வெயில் விழுந்த இடத்திலேயே கிடந்தது, ஆனால் நாங்கள் நிற்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றினார், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்து, மடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டும் வந்தார்கள், அரசலாற்றுப் பாலத்தில் இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் யார் மீது தப்பு என்று சண்டை போட்டு, ஓய்ந்து, ஒருவர் மற்றவரின் மாமாவுக்குத் தெரிந்தவர் என்று கண்டுபிடித்துக் கைகொடுத்துப் பிரிந்தார்கள். அதற்கப்புறம்தான், மறந்துபோன வேலை ஞாபகம் வந்தவர் போல, நேரம் நாலு பதினெட்டுக்குப் போய் அங்கிருந்து வழக்கம்போல நடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

கடிகாரத்தால் அளக்க முடியாத அந்த நேரத்தைத் திருநள்ளாற்றுத் தவில்காரர் ஒருவர் தொடையில் தாளம் போட்டு அளந்தார். மூன்று நாள் அளந்துவிட்டு, "பதினோரு நிமிஷம், மேல ஒரு ஏழெட்டு நொடி" என்றார். வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டி நாகூர்ப் பக்கம் ஒரு காலை வைத்தால் அங்கே அப்படி ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர் நின்றதாகவும் தெரியவில்லை. போண்டாவை வாயருகே கொண்டுபோன மனிதர் கண் இமைப்பதற்குள் எண்ணெய்க் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் வாரம் பயந்தோம். சனீஸ்வரன் குடியிருக்கும் பக்கத்தில் நேரம் மெதுவாகப் போனால் அதில் என்ன அதிசயம் என்று இரண்டாம் வாரம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் வாரம் அதற்கு நடுநேரம் என்று பெயர் வைத்தோம், பெயர் வைத்த பிறகு அது எங்களுடையதாகிவிட்டது. கட்டட வேலைக்காரர்கள் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு மணல்மேட்டில் மல்லாந்தார்கள், மேஸ்திரியால் வாய் திறக்க முடியவில்லை, ஏனென்றால் எழுப்பினால் அது எந்த மணிக்கணக்கில் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை. மேற்படி கால இடைவெளி பணிநேரமாகக் கருதப்பட மாட்டாது என்று ஓர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது, அந்தச் சுற்றறிக்கையையும் நடுநேரத்தில்தான் படித்தார்கள். மாதா கோயிலில் பெண்கள் ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொன்னார்கள். நடுநேரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு ஜாதகம் கணிக்க உட்கார்ந்த சோசியர் மூன்று நாள் யோசித்து, நாலு பதினேழு என்று எழுதி, பக்கத்தில் 'நடுவில்' என்று சின்னதாகச் சேர்த்தார். கோயில்பத்தில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், நடுநேரம் கணக்கில் வராது என்பதால், தினமும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மழை, நெல், மூட்டுவலி எல்லாம் பேசினார்கள், நாலு பதினெட்டு ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். சட்டசபையில் ஓர் உறுப்பினர் எழுந்து, இருப்பதே கையகல மாநிலம், அதிலும் காரைக்காலுக்கு மட்டும் பதினோரு நிமிடம் கூடுதல் என்றால் புதுச்சேரியும் மாஹேயும் ஏனாமும் என்ன பாவம் செய்தன என்று கேட்டார். நாகூரிலிருந்து குடும்பம் குடும்பமாக டப்பாவில் பலகாரத்தோடு நாலு மணிக்கே எல்லை தாண்டி வந்து எங்கள் கடற்கரையில் உட்கார ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் காலையில் எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் செராபின்.

செராபினுக்கு நாற்பத்தாறு வயது. முன்பு உள்ளூர்க் கேபிள் டிவியில் செய்தி வாசித்தார். அது மூடிய பிறகு 'கடைமடைக் குரல்' என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். எங்களில் பாதிப் பேருக்குப் பாட்காஸ்ட் என்றால் என்னவென்று தெரியாது, செராபின் ரேடியோ என்றுதான் சொல்வோம். காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் அது வந்து விழும்: எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது, எந்தத் தெருவில் மின்தடை, எந்த மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணம், யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு. பெரிய செய்திச் சேனல்களுக்கு நாங்கள் புயல் வந்தால்தான் ஞாபகம் வருவோம், செராபினுக்கோ எங்கள் தெருக்குழாய் ஒழுகுவதுகூடச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரில் யாராவது ஒருவரை அரைமணி நேரம் பேசவைப்பார். அவர் குரலில் ஒரு கனிவு இருந்தது. அந்தக் குரலிடம் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள்.

பதிவு செய்யும் அறை, ஐஸ் கம்பெனி தெட்சிணாமூர்த்தியின் அலுவலகத்து மாடியில் இருந்தது. தெட்சிணாமூர்த்திக்கு ஐஸ் கம்பெனியோடு நான்கு விசைப்படகுகளும் உண்டு. செராபின் வீட்டில் தெருச்சத்தம் கேட்கிறது என்றதும் தன் மாடியறையைத் திறந்துகொடுத்து, ஏசியும் போட்டுக்கொடுத்தவர் அவர். பதிலுக்கு ஒன்றும் கேட்டதில்லை. செராபினாகத்தான் ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் பெயரைச் சொன்னார்.

நேரம் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், பனையடிமேட்டுக் குப்பத்துக்குப் போய்த் தையல்நாயகியை அவர் பேட்டி எடுத்தார். எங்களுக்கு அவர் தையலக்கா. கருவாடும் மீனும் விற்பவர், சுறாப்புட்டில் கெட்டிக்காரர். முந்தைய வருஷத்துக் கார்த்திகையில் தெட்சிணாமூர்த்தியின் படகு ஒன்று ஐந்து பேரோடு போய்த் திரும்பவில்லை. அந்த ஐவரில் அக்காவின் வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் ஒருவர். செராபின் அதைக் கேட்கப் போகவில்லை. சமையலும் திருவிழாவும் கேட்கத்தான் போனார். அக்காவும் அரைமணி நேரம் அதைத்தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ரெக்கார்டரைப் பார்த்தார்.

"தம்பி, இதுல பேசுனா ஊரு பூரா கேக்கும்ல?"

"கேக்கும்க்கா."

"அப்ப ஒன்னு சொல்லிடுறேன். அன்னிக்கு மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருந்துச்சு. இவரு சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு, கையெல்லாம் கொழம்பு. போன் அடிக்கிது. நாந்தான் ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சேன். மொதலாளி பேசுறாரு. ஐஸ் ஏத்தியாச்சு கலியமூர்த்தி, கரையிற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா, காத்து வடக்க போயிடும், வரலன்னா சொல்லு வேற ஆளப் பாத்துக்குறேன்றாரு. இவரு பதில் சொல்லல. என் மூஞ்சியப் பாத்தாரு."

வெளியே யாரோ வலையை இழுத்துப் போகும் சத்தம்.

"வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னுருப்பாரு. அந்த வாரம் முழுக்க மழை தம்பி. வீட்டுக்குள்ளயே கெடந்தாரு. பீடி நாத்தம், ஈரத் துணி, நொய் நொய்னு பேச்சு. ஒருநாளு வீடு எனக்கு வேணும்னு இருந்துச்சு. போயிட்டுத்தான் வாங்களேன்னுட்டேன். அவ்ளோதான். தட்டக் கழுவிட்டு எழுந்து போயிட்டாரு."

இன்னும் சொன்னார். மற்ற நாலு பேர் வீட்டுப் பெண்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்றார், அவர்களோடு சேர்ந்து அழுதபோதெல்லாம் தான் திருடியைப் போல அழுததாகச் சொன்னார். சொல்லி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியட்டும். காறித் துப்புறவங்க துப்பட்டும். தெரியாம வச்சிருக்க முடியல" என்றார்.

செராபின் மாடியறைக்கு வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பகுதி நாலு பதினேழுக்குத் தொடங்கியிருந்தது, நீளம் பதினோரு நிமிடம் எட்டு நொடி. அழுகையில் சொற்கள் தெளிவாக இல்லை என்று நினைத்தார். வலைச்சத்தம் இடைஞ்சல் என்று நினைத்தார். இது வெளியே போனால் அக்காவுக்கே நல்லதில்லை என்றும் நினைத்தார். கீழே தெட்சிணாமூர்த்தி யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். செராபின் அந்தப் பதினோரு நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டு, சுறாப்புட்டையும் திருவிழாவையும் ஒட்டி, ஞாயிறு காலை வெளியிட்டார். வெட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று சாயந்திரம்தான் நேரம் நின்றது.

அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. தினமும் காலையில் அவர் நடுநேரச் செய்திகளைச் சொன்னார், நாங்கள் கேட்டோம். நடுநேரத்தைப் பற்றி மட்டுமே அவர் ஒரு ஞாயிறு பேசியதுதான் அதுவரை வந்ததிலேயே அதிகம் பேர் கேட்டது. துபாயிலிருந்தும் பாரிசிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் கேட்டுவிட்டு ஊருக்கு வரவேண்டும் போலிருக்கிறது என்று அழுதார்கள்.

தையலக்காவிடம் இருந்தது பட்டன் போன். கேட்க வழியில்லை. பேட்டி வெளியான மறுநாள் மீன் கூடையோடு வழியில் செராபினைப் பார்த்து, "போட்டுட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"போட்டாச்சுக்கா."

"எல்லாமுமா?"

"எல்லாந்தான்க்கா" என்றார் செராபின்.

அன்று அக்கா தெருவில் நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு வாசலிலும் தயங்கித் தயங்கி நின்றார். கதவைச் சாத்துவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நாங்களோ முந்தின நாள் காலையில் சுறாப்புட்டு கேட்டவர்கள், வெளியே ஓடிவந்து, "அக்கா, நல்லாப் பேசுனீங்கக்கா, மனசு நெறஞ்சு போச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டோம். அக்கா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். சிலர் வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். தெட்சிணாமூர்த்தி காரை நிறுத்தி, "நல்லாருக்கியா தையலு, எதுனா வேணும்னா வந்து கேளு" என்றார். அவரும் ஏதோ பேட்டி வந்தது என்று மட்டும் அறிந்தவர். அன்றிலிருந்து அக்கா நிமிர்ந்து நடந்தார். பின்னலில் பூ வைக்கவில்லை, ஆனால் பூக்காரியிடம் நின்று பேசினார். மற்ற நாலு பேர் வீட்டுக்கும் போய்க் கூடமாட வேலை செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டும் இந்த ஊர் தன்னை ஒதுக்கவில்லை என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்திருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

சித்திரையில் ஒருநாள் நடுநேரத்தில் அக்கா செராபின் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்தார். செராபினின் மனைவி அமலோற்பவம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நான் என்னா செய்யப்போறேன் டீச்சர்" என்றார் அக்கா. "அவரு மட்டும் அதப் போடலன்னா நான் செத்தே போயிருப்பேன். அம்புட்டையும் கேட்டுட்டு ஊரு என்னப் பாத்துச் சிரிக்கிது. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னவ நானுன்னு தெரிஞ்சும் சிரிக்கிது."

அமலோற்பவம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா போன பிறகு உள்ளே போய்க் கணவர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏங்க, அந்தப் பேட்டிய நான் ரெண்டு தடவ கேட்டேன். அதுல இது இல்லையே."

செராபின் கருவாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நிமிஷம் வெட்டுனீங்க?"

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நாலு பதினேழாகவே இருந்தது, டீச்சர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டு, எடுத்ததப் போட்டுருங்க" என்றார் கடைசியில்.

"போட்டா இது நின்னுடும் அமலா. ஊரு எப்படி இருக்கு பாத்தீல்ல? அந்தக் கோயில்பத்து அண்ணன் தம்பிய நெனச்சுப் பாரு. ஆஸ்பத்திரி நர்சுங்க இந்த நேரத்துலதான் சாப்பிடுறாங்களாம்."

"ஊருக்காகத்தான் வச்சிருக்கீங்களா?"

அன்றிலிருந்து அமலோற்பவம் நடுநேரத்தில் அவரோடு காபி குடிக்க உட்காரவில்லை. தெருவாசலில் போய் நின்றுகொள்வார், நாலு பதினெட்டு ஆன பிறகுதான் உள்ளே வருவார். செராபின் மேலும் நாலு வாரம் அப்படியே தள்ளினார். தினமும் காலையில் அதே கனிவான குரலில் எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

வைகாசியில், மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் கிடக்க, தெட்சிணாமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தது: கடற்கரையில் நடுநேரத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கக் கூடி, பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, சரியாக நாலு பதினேழுக்கு எல்லோருக்கும் கேசரியும் ஐஸ்கிரீமும். செராபின்தான் மேடையில் பேச வேண்டும்.

"ரேடியோல பேசி ஊர்ல எல்லாருக்கும் புடிச்சுப்போன ஆளு யாராச்சும் ஒருத்தர மேடை ஏத்துவோம்" என்றார் தெட்சிணாமூர்த்தி. "நம்ம தையல ஏத்து. பாவம், அதுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

செராபின் போய்ச் சொல்வதற்கு முன்பே யாரோ குப்பத்தில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அவர் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்து புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மேடையில என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிட்டேன். நான் சொன்னதக் கேட்டும் என்னை ஒதுக்காம வச்சிருக்கீங்களேன்னு ஊரக் கும்புட்டுட்டு எறங்கிடுவேன். மொதலாளியப் பத்தியும் ஒரு நல்ல வார்த்த சொல்லணும். அவரு போன்ல பேசுனதச் சொல்லியும் கோவப்படாம நின்னு பேசுனாருல்ல."

செராபின் உட்காரவில்லை. நடுநேரம் தொடங்கியிருந்தது. குப்பத்துப் பெண்கள் அங்கங்கே சீட்டாடிக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"அக்கா, அத நான் போடல" என்றார்.

"எத?"

"கலியமூர்த்தி அண்ணனப் பத்திச் சொன்னத. வெட்டிட்டேன். யாரும் கேக்கல."

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

"யாருமா?"

"யாரும்."

"அப்ப எல்லாரும் என்னத்தக் கேட்டுட்டு என்கிட்ட சிரிச்சாங்க?"

செராபின் தலையைக் குனிந்துகொண்டு, "சுறாப்புட்டு" என்றார்.

அந்தச் சொல்லைச் சொன்னபோது தரை பிளந்து தன்னை இழுத்துக்கொள்ளாதா என்றிருந்ததாகப் பின்னால் அமலோற்பவத்திடம் சொல்லியிருக்கிறார். அக்கா அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாலு மாதத்தில் எந்தெந்த வீட்டில் காபி குடித்தோம், யார் யார் தோளில் கைபோட்டோம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தார் போலிருக்கிறது, உதடு மட்டும் அசைந்தது. செராபின் மீதியையும் சொன்னார்: எத்தனை நிமிடம் வெட்டினார், அது எப்போது தொடங்கியது, இப்போது மணி என்ன.

அக்கா நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். சீட்டாட்டத்தில் யாரோ ஜெயித்துச் சத்தம் போட்டார்கள்.

"இது நான் சொன்ன நேரமா?"

"ஆமாக்கா."

"இதுலதான் எல்லாரும் தூங்கிக்கிட்டும் தின்னுக்கிட்டும் இருக்கீங்களா?"

"போட்டா இது போயிடும்னு நெனக்கிறேன்க்கா. ஊரு ரொம்ப…"

"போடு" என்றார் அக்கா. அதுவரை அவரை நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "நீ வெட்டுனத நீயே போடு. போ."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அது வந்து விழுந்தது. தொடக்கத்தில் தெட்சிணாமூர்த்தி பெயர் இல்லை. "தை மாதம் தையல்நாயகி அக்கா என்னிடம் பேசியதில் பதினோரு நிமிடத்தை நான் மறைத்துவிட்டேன். நாம் நடுநேரம் என்று சொல்வது அதுதான். யாரும் என்னை மறைக்கச் சொல்லவில்லை" என்று செராபின் சொன்னார், கனிவில்லாத, வறண்ட குரல். பிறகு அக்காவின் குரல்.

எங்களில் நிறையப் பேர் அதைக் காலையிலேயே கேட்டோம். கேட்டுவிட்டுக் கைப்பேசியை வைத்தோம், குளித்தோம், நல்ல துணி உடுத்தினோம், பிள்ளைகளுக்குத் தலைவாரினோம், மூன்றரை மணிக்குக் கிளம்பிக் கடற்கரைக்குப் போனோம். அதை எழுதும்போதே கை கூசுகிறது. ஒருவேளை நடுநேரம் நின்றுபோகாமல் இருக்கலாம் என்று நினைத்தோம். அக்காவின் துக்கம் வேறு, நடுநேரம் வேறு என்று வழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கேட்காதவர்களிடம் கேட்டவர்கள் சொல்லவில்லை, திருவிழா கெட்டுவிடும் என்று. பந்தலில் ஆயிரக்கணக்கானோர் காகிதத் தட்டில் கேசரியோடு நின்றோம். நாதஸ்வரம் ஓய்ந்தது. நாலு பதினாறு. நாலு பதினேழு. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தோம்.

நாலு பதினெட்டு ஆயிற்று.

யாரும் கேசரியை வாயில் வைக்கவில்லை. நாகூரிலிருந்து வந்த ஓர் அம்மா, "என்னாச்சு, ஏன் போவுது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரோ ஒருவர் கைப்பேசியில் அதைப் போட்டார், பக்கத்தில் இன்னொருவர் போட்டார், பின் பந்தல் முழுவதும். எல்லோரும் ஒரே நொடியில் போடாததால் அக்காவின் குரல் ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரம் இடத்திலிருந்து, முன்னும் பின்னுமாக வந்தது; என் மூஞ்சியப் பாத்தாரு என்று இங்கே முடிவதற்குள் அங்கே கலியமூர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தார், அதற்கும் அப்பால் இன்னும் சோறு தின்றுகொண்டிருந்தார். ஒருநாளு வீடு எனக்கு வேணும்னு இருந்துச்சு, வேணும்னு இருந்துச்சு என்று அந்தக் கரை முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தபோது, எங்களில் வயதானவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் நாங்கள் குறட்டை விட்டோம். நாலு மாதமாக.

மேடையில் தெட்சிணாமூர்த்தி செராபினைப் பார்த்துத் திரும்பினார். மைக் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் வெட்டச் சொன்னேனா?"

"இல்லிங்க."

"அன்னிக்கே போட்டிருந்தா அன்னிக்கே என்னைச் சட்டையப் புடிச்சுக் கேட்டிருப்பாங்க. நானும் எதையாச்சும் சொல்லியிருப்பேன். நாலு மாசமா அந்தப் பொம்பள முன்னாடி என்னை நல்லவனா நடமாட விட்டியே." அவர் குரல் உடைந்ததா, கோபத்தில் கம்மியதா என்று இன்றுவரை எங்களுக்குள் வாதம் உண்டு. மாடியறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அவர் மீது விசாரணை வந்தது, அது நடந்துகொண்டிருக்கிறது.

திட்டு முழுவதும் செராபினுக்குத்தான். வெட்டியதற்காகத் திட்டியவர்கள் குறைவு. போட்டதற்காகத்தான் அதிகம் பேர் திட்டினோம். கோயில்பத்து அண்ணன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, வெகுநேரம் முறைத்துவிட்டுப் போனார். செராபின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

தையலக்கா அன்று கடற்கரைக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். கரையிலிருந்து நேராக முதலில் போனது, அதே படகில் போன சிவலிங்கத்தின் மனைவி மாரிக்கண்ணு. கதவைத் தட்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து கதவோடு பேசினார்.

"தையலு, அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுப்பி விட்டவ நானு. லேட்டா போனா மொதலாளி கத்துவாருன்னு தண்ணியத் தெளிச்சு எழுப்புனேன். இத எங்க அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல."

கதவு திறக்கவில்லை. மாரிக்கண்ணும் எழுந்து போகவில்லை. இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சோறு கட்டிக்கொடுத்தவள். மற்ற இருவரும் வந்தார்கள். ஒருத்திக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியிருக்கிறது, சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களோ என்று விட்டுவிட்டாள். ஒருத்தி சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் படியைத் தடவிக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

ஒரு மாதம் கழித்து, படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, செராபினுக்கு ஆள் அனுப்பி ரெக்கார்டரோடு வரச்சொன்னார் தையலக்கா. அவர் போனபோது ஐந்து பெண்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அதுல வை" என்றார் அக்கா. "எத அமுக்கணும்?"

"செவப்பா இருக்கே அதுக்கா."

"அமுக்கிட்டு நீ வெளிய போ."

செராபின் அமுக்கிவிட்டு வெளியே வந்தார். வெயிலில், காயப்போட்ட வலைகளுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து ஒருமுறை அழுகை கேட்டது, ஒருமுறை, அவர் நம்பவில்லை, எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், எதுவும் காதில் விழாத இடத்தில் நின்றுகொண்டார்.

கடைசியில் அக்கா வந்து ரெக்கார்டரை நீட்டினார்.

"அப்படியே போடு."

"சரிக்கா."

"கேட்டுப் பாத்துட்டுப் போடலாம்னு நெனக்காத."

"கேக்கலக்கா."

அந்த ஞாயிறு வெளியானது இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. நடுவில் நாய் குரைக்கிறது, யாரோ இருமுகிறார்கள், ஒருத்தி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதுகூட இருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கேட்காத வீடு இல்லை. பஸ்ஸில், சலூனில், ஐஸ் கம்பெனி வாசலில் எல்லாம் கேட்டோம். தெட்சிணாமூர்த்தி காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கேட்டுவிட்டு வந்து அதில் யார் என்ன சொன்னார்கள் என்று பேச ஆரம்பித்தால் செராபின் எழுந்து அப்பால் போய்விடுவார். இன்றுவரை அதைக் கேட்காதவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.